ஆடு நக்கிய தகரம்

வெள்ளையம்மா வீட்டுக்குக் குப்பைக்குழி கிடையாது. தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் மற்ற வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு குழி இருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது மரவள்ளிப் பாத்தி. குழிக்குப் போக வேண்டியதெல்லாம் அவள் கையில் சிக்கி வேறொன்றாகிவிடும். அரிசி வந்த கோணிச்சாக்கு ஒரு மழைக்காலம் போர்வை, அடுத்த மழைக்காலம் மிதியடி, அதுவும் நைந்து போனால் கொசுவுக்குப் புகை. பால் டின்னுக்குக் கம்பியில் காது வைத்தால் குவளை, அடியில் ஆணியால் குத்தினால் சல்லடை. கஞ்சித் தண்ணீர் ஆட்டுக்கு. அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. அடுப்புச் சாம்பல் பாதி பாத்திரம் துலக்க, பாதி பாகற்கொடிக்கு. கருவாட்டுத் தலையைக்கூட விடமாட்டாள். சுட்டு, மிளகாயோடு இடித்து, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்துவிடுவாள்.

"வெள்ளையம்மா வீட்டுக் கூரையில உக்காந்த காக்கா பட்டினியாத்தான் பறக்கும்" என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அவள் காதில் விழவேண்டும் என்றே சிரிப்பார்கள்.

"சிரிங்கடி, சிரிங்க. கடக்காரச் சீனன் உங்களப் பாத்துச் சிரிக்கிறான், நீங்க என்னயப் பாத்துச் சிரிங்க" என்பாள்.

அவள் புருஷன் அய்யாவுக்கு அவள் செய்வதில் பாதி விளங்காது. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன். அவன் படித்த பாடம் ஒன்றே ஒன்று: எவனையும் நம்பாதே. ஊருக்கு ஆள்பிடிக்க வந்த கங்காணி சொன்னதை நம்பிக் கப்பலேறியவன் அவன். அதற்குப் பிறகு யாராவது "வெளியில மழை" என்று சொன்னால்கூட, வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவான்.

ஆனால் இந்தக் காலத்தில் யாரை நம்பாமல் இருப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ரப்பர் கித்தாவுக்கு விலை செத்துப்போயிருந்தது. மரத்தில் பால் எப்போதும் போலத்தான் இறங்கியது. மழையும் அட்டையும் கொசுவும் எப்போதும் போலத்தான் இருந்தன. துரை மட்டும் பாதிக் காட்டில் உளியே வைக்க வேண்டாம் என்றுவிட்டார். விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றால் இன்றைக்கு இவனுக்கு வேலை, நாளைக்கு அவனுக்கு. வெள்ளைக்காரன் ஊரில் கடையெல்லாம் படுத்துவிட்டதாம். அங்கே கடை படுத்தால் கடலுக்கு இந்தப் பக்கம் இந்தப் பாலோவில் எதற்கு உலை அணைய வேண்டும்? அய்யாவு பலரைக் கேட்டான். எல்லாரும் தெரிந்த மாதிரிதான் பேசினார்கள். ஒருவனுக்கும் தெரியவில்லை.

சோற்றுக்கு வழியில்லை என்று ஆபீஸ் வாசலில் போய் நின்ற குடும்பங்களைத் தோட்டமே பாலோ ஸ்டேஷனில் ரயிலேற்றி, கப்பலேற்றி, நாகப்பட்டணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மா போகமாட்டேன் என்றுவிட்டாள்.

"அங்க என்னா இருக்கு? உங்க அண்ணம் பொண்டாட்டி வாசல்ல நின்னு தட்ட நீட்டச் சொல்றீங்களா? எனக்கு இங்க ரெண்டு பாத்தி இருக்கு. சுப்பி இருக்கு. நம்ம வயித்த நாம பாத்துக்கிட்டா எவன் வந்து நம்மளக் கப்பலுக்குத் தள்ளுவான்?"

சுப்பி என்பது வெள்ளாடு. சினையாக இருந்தது. குட்டி போட்டால் பால், குட்டி வளர்ந்தால் அரிசி. வெள்ளையம்மா போட்டிருந்த கணக்கில் மரவள்ளி ஒரு கால், சுப்பி மூன்று கால்.

அந்தச் சுப்பிக்குத்தான் அய்யாவு ஒரு தகரம் கொண்டுவந்தான்.

லாலான் புல்லுக்கு மருந்து அடிக்கிற கூட்டத்தில் வேலு என்று ஒருத்தன். ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கும் கொஞ்சம் மரவள்ளிக்கிழங்குக்கும் தகரம் தருகிறேன் என்றான். மண்ணெண்ணெய்த் தகரம் அளவில் இருந்தது, ஆனால் அதைவிடக் கனம். மேல்மூடியை வெட்டி, விளிம்பை மடித்து, மண்போட்டுத் தேய்த்து வெள்ளியாட்டம் பளபளவென்று வைத்திருந்தான். அய்யாவு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தான், தட்டினான், தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தான். அடியில் ஒரு வட்டமும், அதற்குள் கோழிக்கால் மாதிரி மூன்று கோடும் அச்சு குத்தியிருந்தது.

"எதுடா இது?"

"எண்ணெத் தகரந்தாண்ணே. கடையில கெடந்துச்சு."

"எண்ண வாசன வல்லியே?"

"நல்லாக் கழுவியிருக்கேன், எப்பிடி வரும்? வாசன வந்தா கழுவலம்பே, வல்லேன்னா எண்ண இல்லம்பே. ஒங்கிட்ட யாவாரம் பண்றதுக்கு முதலகிட்டப் பண்ணலாம்."

குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அதுவே அய்யாவுக்கு என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டான்.

வெள்ளையம்மாவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். சுப்பிக்கு அதைவிடச் சந்தோஷம். தண்ணீர் தீர்ந்த பிறகும் தகரத்தை விடாது. மூலையை, ஈயம் பற்றவைத்த மடிப்பை, நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நக்கிக்கொண்டே நிற்கும்.

"பாத்தீங்களா? கழுதைக்குத் தெரியாதாம் கற்பூர வாசன. நம்ம ஆட்டுக்குத் தகர வாசன தெரியுது" என்று வெள்ளையம்மா சிரித்தாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் வேலியோரம் நின்று பார்த்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, செல்வராணி என்கிற சின்னப் பெண்குழந்தையோடு தனியாக இருப்பவள். புல்வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் வாரத்தில் பாதி நாள்தான்.

"என்னக்கா, சுப்பிக்கு வயிறு இம்புட்டு எறங்கியிருக்கு? ரெட்டக்குட்டிதான். கண்ணு பட்டுரும்போல."

அப்படிச் சொன்ன மறுநாள் சுப்பி தழையைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. பின்பக்கமெல்லாம் கழிச்சல். வெள்ளையம்மா ஓமத்தை அரைத்து ஊற்றினாள், மாதுளைத் தோலை அரைத்து ஊற்றினாள். தண்ணீருக்கு மட்டும் வாயைத் திறந்தது. பாவம், குடிக்கட்டும் என்று அந்தத் தகரத்தையே வாய்க்கு நேராக வைத்தாள். குடித்தது. சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் காலை உதைத்துக்கொண்டு செத்துப்போனது.

வெள்ளையம்மா அழவில்லை. ஆட்டின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அய்யாவு லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்பக்கச் சாக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. பாதியாக அறுத்தது. உள்ளே சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மிளகாயோ குங்குமமோ, யார் கண்டது. அய்யாவுக்கு அது போதும்.

"ஏ பேச்சி! வெளிய வாடி!"

பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்தாள். "என்னாண்ணே?"

"அண்ணனாவது நொண்ணனாவது. என்னத்தடி வச்ச?"

"என்னத்த வச்சேன்?"

"நேத்து வயித்தப் பாத்த. இன்னக்கி வயிறு போச்சு. சாக்கடையில எலுமிச்சங்கா கெடக்கு. வாயில்லாச் சீவனுக்குச் செய்வினை வைக்கிறியே, வெளங்குவியா நீ?"

"அடப்பாவி மனுசா! எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு அறுத்தா அழுகிக் கெடந்துச்சு, வீசுனேன். செய்வினை வைக்கக் காசு இருந்தா எம்புள்ளைக்கிக் கஞ்சி வச்சிருக்கமாட்டேனா?"

"ரெட்டக்குட்டின்னு சொன்னது ஆரு?"

"ரெட்டக்குட்டின்னா ரெட்டக்குட்டின்னுதான் சொல்லணும், ரெட்ட யானன்னா சொல்லுவாங்க? இந்த லயத்துல ஒனக்குக் கூடத்தான் வாயி இருக்கு, எத்தன ஆடு செத்துச்சு?"

கூட்டம் கூடிவிட்டது. கங்காணி வீரமுத்து வந்தார். வயிறு பெரிய மனிதர். சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணால் ஆட்டைத்தான் பார்த்தார்.

"சரி விடு, அய்யாவு. போனது போச்சு. உசுரு போயி நேரமாகல. அறுத்துக் கூறு போடுப்பா. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி குடுக்கச் சொல்றேன். வீணாக்காத."

வெள்ளையம்மாகூடத் தலையைத் தூக்கினாள். வீணாக்காதே என்பது அவள் வார்த்தையாயிற்றே.

"தோலயாச்சும் உரிச்சுக்கிறேங்க" என்றாள் புருஷனிடம்.

"செய்வினை பட்ட ஆடு. ஒரு மயிரத் தொடக்கூடாது" என்றான் அய்யாவு. "தின்னவன் வீட்டுக்கும் அது போகும். யாருக்கு வேணும், சொல்லுங்க?"

கங்காணி எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனார். அய்யாவு சதுப்புநிலத்து ஓரத்தில், ஒரு பழைய ரம்புத்தான் மரத்தடியில் ஆழமாகத் தோண்டி ஆட்டைப் புதைத்தான். திரும்பி வரும்போது தகரம் கண்ணில் பட்டது. சாகிற ஆடு நக்கிய தகரம். அதையும் தூக்கி லயத்துக்கு அப்பால் புதருக்குள் வீசினான்.

"தகரம் என்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் வெள்ளையம்மா. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு ஆடு, ரெண்டு குட்டி, தோலு, தகரம். இந்த வீட்டுல நான் ஒரு மொளகாக் காம்பக்கூட வீசுனதில்ல. நீங்க ஒரே நாளுல வீசிட்டீங்க."

அய்யாவுக்குத் தான் செய்தது சரி என்றுதான் பட்டது. சரியானதைச் செய்தவன் ஏன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் நிற்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் யாரும் பேச்சியம்மாளிடம் நெருப்புக்கூட வாங்கவில்லை. குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். செல்வராணியை மற்றக் குழந்தைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. புல்வெட்டு ஆட்களை மேய்க்கிற மண்டோர் அவளுக்கு இருந்த பாதி நாள் வேலையையும் வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த கப்பலுக்கு அவள்தான் என்று பேசிக்கொண்டார்கள். அய்யாவு கேட்டும் கேட்காத மாதிரி இருந்தான்.

ஒருநாள் பெரட்டில் அவனை மருந்தடிக்கிற கூட்டத்தோடு போகச் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். காட்டோரத்தில் தகரங்களை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் மண்டையோடு. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி அம்பிகைபாகன் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று கத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழ் வேகமாக ஓடும், பிடிக்கக் கவனம் வேண்டும்.

"எத்தினை தரம் சொல்லுறது உங்களுக்கு? முடிஞ்ச தகரத்தை ஓட்டை போட்டுப் புதைக்கச் சொன்னனான். எங்கை காணேல்லை? உதுக்குள்ளை இருக்கிறது நஞ்சு, விளங்குதோ? மணமும் இல்லை, நிறமும் இல்லை. உப்புக் கரிக்கும். ஆடு மாடு உப்பெண்டு ஓடிவந்து நக்கும், நக்கினா முடிஞ்சுது கதை. கழுவினாலும் போகாது."

அய்யாவு ஒரு வெற்றுத் தகரத்தைக் காலால் புரட்டினான். அடியில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் கோழிக்கால்.

நிமிர்ந்து வேலுவைப் பார்த்தான். வேலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய். நீ குடுத்தது?"

"கத்தாதண்ணே, கிராணிக்குக் கேட்டுரும்" என்று வேலு பல்லுக்குள் பேசினான். "மூணு தரம் தேச்சுக் கழுவுனேன். நல்ல தகரம், ஓட்ட போட மனசு வருமா, நீயே சொல்லு. எங்க வீட்டுல அதுலதான் அரிசி கெடக்கு. நாங்க செத்தா போயிட்டோம்?"

"யாரு யாருக்குடா குடுத்த?"

"இப்ப அதக் கேட்டு? வெளிய தெரிஞ்சா எனக்குக் கப்பல்தாண்ணே."

அய்யாவு லயத்துக்கு ஓடினான். புதரில் வீசிய தகரத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். புதரை விலக்கினான். தகரம் இல்லை. அது எப்படி இருக்கும்? உடைந்த கரண்டியைக்கூட இரண்டு பேர் இழுத்துக்கொள்கிற காலம். லயத்தைச் சுற்றி வந்தான்.

பேச்சியம்மாள் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் தகரம் நின்றது. காலையில் பெய்த மழையில் பாதி நிறைந்திருந்தது. செல்வராணி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அய்யாவு பாய்ந்து குழந்தையை இழுத்தான். அவள் வீறிட்டாள். பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

"எம்புள்ள மேல கைய வச்ச, கைய ஒடிச்சுருவேன்!"

"குடிச்சுதா? இதுல குடிச்சுதாடி?"

"இன்னக்கித்தான் தகரத்த வச்சேன், இப்பத்தான் தண்ணி பிடிச்சிருக்கு, ஒரு வாய் குடிக்கல. ஏன், தண்ணிக்கும் ஒங்கிட்டக் கேக்கணுமா?"

"இது மருந்துத் தகரம் புள்ள. புல்லு மருந்து. இதக் குடிச்சுத்தான் சுப்பி செத்துச்சு."

பேச்சியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னக்கிச் செய்வினைன்ன. இன்னக்கி மருந்துங்கிற. நாளைக்கு என்னா, பேச்சி தும்முனா, அதுல செத்துச்சும்பியா? தகரத்த நீதான வீசுன? எங்கையில வந்ததும் ஒனக்கு வயிறு எரியுது. ஒம்பொண்டாட்டி தகரத்துக்கு உசுர விடுறவ, அவதான ஒன்ன அனுப்புனா?"

"சாமி சத்தியமாச் சொல்றேன்…"

"ஒஞ்சத்தியத்த நீயே நம்பமாட்டியேய்யா!"

கூட்டம் மறுபடியும் கூடிவிட்டது. அய்யாவு எல்லாரிடமும் சொன்னான். கிராணி சொன்னதை அப்படியே சொல்லப் பார்த்தான். அவர் பேச்சு இவன் வாயில் நுழையவில்லை. மணம் இல்லை, நிறம் இல்லை, கழுவினாலும் போகாது என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"மணமும் இல்ல, நெறமும் இல்ல, கழுவுனாலும் போவாதுன்னா அது என்னாய்யா மருந்து, பேயா?" என்றார் கங்காணி வீரமுத்து. கூட்டம் சிரித்தது. "எங்க வீட்டுலயும் அந்தத் தகரம் ஒண்ணு இருக்கு. வேலுதான் குடுத்தான். ஊறுகா போட்டு வச்சிருக்கா எம்பொண்டாட்டி. உன்னும் தெறக்கல, நல்லா ஊறட்டும்னு இருக்கோம்."

அய்யாவு இடுப்பில் இருந்த பாராங் கத்தியை உருவினான். ஜனங்கள் விலகினார்கள். தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஓங்கி வெட்டினான். கோழிக்கால் இரண்டாகப் பிளந்தது.

"ஐயோ, நல்ல தகரத்த நாசம் பண்ணிட்டானே!" பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டவள் சட்டென்று நிறுத்தி, தகரத்தைக் குனிந்து பார்த்தாள். "ஒழுகுனா என்ன, பிரிச்சுத் தட்டுனா கூரைக்கி ஆகும்" என்றாள்.

அந்தக் கூரைத் தண்ணீரைத்தானே அடுத்த மழைக்கு அவள் பிடித்துக் குடிப்பாள்? அய்யாவு பாராங்கோடு நின்றான். ஆட்டுக்கு வந்ததைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். வெட்டினால் தட்டி நிமிர்த்துவேன் என்கிறார்கள். இந்த உலகத்தில் ஒரு பொருளை ஒழிக்க வழியே கிடையாதா?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளையம்மா வந்தாள். இடுப்பில் ஒரு தகரம். மரக்கைப்பிடி போட்ட மண்ணெண்ணெய்த் தகரம். அவள் வீட்டிலேயே உசத்தியானது, அரிசி போட்டு வைக்கிறது. அரிசியை எதில் கொட்டிவிட்டு வந்தாளோ. அதைப் பேச்சியம்மாள் வாசலில் வைத்தாள்.

"இத வச்சுக்க. அத எனக்குக் குடு."

வெள்ளையம்மா நல்ல தகரத்தைக் கொடுத்து ஓட்டைத் தகரத்தை வாங்குகிறாள்.

"என்னாக்கா இது?" பேச்சியம்மாள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நெசமாவே அந்தத் தகரத்துல என்னமோ இருக்கா?"

"இருக்கு."

"என்னா?"

வெள்ளையம்மா புருஷனைப் பார்த்தாள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அய்யாவு கங்காணியின் வயிற்றைப் பார்த்தான், ஊறிக்கொண்டிருக்கும் ஊறுகாயை நினைத்தான். இவர்களுக்கு மருந்து புரியாது. தனக்கே புரியவில்லை. ஆனால் சதுப்பு ஓரத்து ரம்புத்தான் மரத்தடிக்கு இத்தனை நாளாக லயத்தில் ஒருவரும் போகவில்லை. செய்வினைப் பயத்தில்தான் போகவில்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது.

"முனி" என்றான்.

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"பேச்சி ஒண்ணும் வைக்கல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். பேச்சி மேல ஒரு குத்தமும் கெடையாது. காட்டுல புல்லக் கருக்குறோம்ல, அங்க இருக்க எடமில்லாம முனி அந்தத் தகரத்துல ஏறிக்கிட்டு வந்திருக்காரு. கோழிக்கால் போட்டிருக்கும் பாரு அடியில, அதான் அவரு குறி. அதுல தண்ணி குடிச்சாத்தான் சுப்பி போச்சு. எவன் வீட்டுல அந்தத் தகரம் இருக்கோ அவன் வீட்டுலதான் அவரு இப்ப இருக்காரு."

கங்காணி வீரமுத்துவின் கை தானாக மேல்துண்டைத் தொட்டது. "கோழிக்காலா?" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ரம்புத்தான் மரத்தடிக்குத் தகரங்கள் வரத் தொடங்கின. கங்காணி வீட்டுத் தகரம் ஊறுகாயோடு வந்தது. ஒன்றில் கருவாடு இருந்தது, அதையும் கொட்டாமல் கொண்டுவந்தார்கள். கடைசியாக வேலு வந்தான். தன் வீட்டு அரிசித் தகரத்தை அரிசியோடு சுமந்து வந்தான். அய்யாவுவின் கண்ணைப் பார்க்காமல் இறக்கி வைத்தான்.

"முனின்னு சொன்னதுல நம்பிக்க வந்துச்சாடா?" என்று அய்யாவு மெதுவாகக் கேட்டான்.

"எனக்கு என்னா தெரியும்ணே" என்றான் வேலு. "எம்பொண்டாட்டிக்கு ரெண்டு மாசமா வயித்துவலி."

அய்யாவு ஒவ்வொன்றையும் வெட்டிப் பிளந்து, ஆடு கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழமாகப் புதைத்தான். வெள்ளையம்மா சற்றுத் தள்ளி நின்றாள். ஒவ்வொரு தகரம் பிளக்கும்போதும் அவள் முகம் சுளித்தது. அரிசி மண்ணுக்குள் சரிந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அங்கே ஒரு கல் நின்றது. யார் நட்டது என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாள் கல்லுக்கு மஞ்சள். கங்காணி ஒரு சுருட்டும் கொஞ்சம் கள்ளும் வைத்துவிட்டுப் போனார். மண்டோர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுப் பழையபடி பாதி நாள் வேலை கொடுத்தார். குழாயடியில் அவளுக்கு இடம் விட்டார்கள். முனியே அய்யாவு வாயால் பெயரைச் சொல்லி விடுவித்தவள் என்று கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது. அவளே ஒருநாள் வேலியோரம் வந்தாள்.

"அண்ணே, உள்ளதச் சொல்லு. அங்க இருக்கறது முனியா, மருந்தா?"

அய்யாவு ரம்புத்தான் மரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எதுவா இருந்தாலும் தொடாத" என்றான்.

சில நாள் கழித்து, பெரட்டுக்குப் போகிற வழியில், ரம்புத்தான் மரத்தடியில் யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். நல்ல பழம். சுற்றிலும் எறும்பு. அய்யாவு தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். கையைக் கூப்பினான். அந்தக் கதையைக் கட்டினவனே தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் கை கூப்பியபடியே நின்றது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

பின்னால் வெள்ளையம்மா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற பழைய நினைப்பில் வந்தவள். அவள் கண் அந்தப் பழத்திலேயே இருந்தது. வீணாகப் போகிற ஒரு சீப்புப் பழம். அவள் கை நீளும் என்று அவன் நினைத்தான்.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.